இளையோர் உரைத்த வழக்கு

துன்புற்றோரைக் கண்டு இரங்குவது மனித இயல்பு. ஆனால், துன்புற்றோர் எழுந்து நின்று வினாத் தொடுக்கும்போது அவ்விரக்கம் பல நேரங்களில் எரிச்சலாக மாறிவிடுகிறது. அழும் பிள்ளையின் தலையைத் தடவிக் கொடுக்கும் கை, அப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு ‘ஏன்?’ என்று கேட்டவுடன் பின்வாங்குகிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் பள்ளித் துப்பாக்கிச் சூடுகளில் உயிர் தப்பிய மாணவர்கள், துப்பாக்கிச் சட்டங்கள் பற்றிய நாடளாவிய விவாதத்தில் இறங்கியபோது நிகழ்ந்தது இதுவே. அவர்களுக்கு அந்த விவாதத்தில் இடம் உண்டா? உண்டெனில் அஃது எத்தகைய இடம்? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பார்க்லாந்தில் நிகழ்ந்தது

2018 பிப்ரவரி 14 அன்று புளோரிடா மாநிலத்தின் பார்க்லாந்து நகரிலுள்ள மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் உயர்நிலைப் பள்ளியில், முன்னாள் மாணவனான 19 வயது இளைஞன் ஒருவன் துப்பாக்கியுடன் நுழைந்தான். ஆறு நிமிடங்களுக்குள் 14 மாணவர்களும் பணியாளர் மூவரும் மாண்டனர். 17 பேர் காயமுற்றனர். அவன் கையிலிருந்த ஏ.ஆர்.-15 வகைத் துப்பாக்கி சட்டப்படி விலைக்கு வாங்கப்பட்டது. மது வாங்க 21 வயது வேண்டும் என்று விதித்த அந்நாட்டில், அத்துப்பாக்கியைக் கடையில் வாங்க 18 வயதே போதுமானதாக இருந்தது.

இத்தகைய கொடுமை அந்நாட்டிற்குப் புதிதன்று. 1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் பள்ளியில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் பெரியவர் அறுவரும் மாண்டனர். அக்குழந்தைகளின் பெற்றோர் தலைநகர் சென்று மன்றாடினர். ஆயினும், துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை ஆராயும் சோதனையை விரிவாக்கும் முன்வரைவு 2013 ஏப்ரலில் செனட் அவையில் 54 வாக்குகளே பெற்று வீழ்ந்தது. அது முன்னேற 60 வாக்குகள் தேவைப்பட்டன. துயரம், இரங்கல், மெழுகுவத்தி, மறதி என்ற ஒழுங்கு அந்நாட்டில் ஒரு சடங்காகவே நிலைபெற்றிருந்தது.

பார்க்லாந்து மாணவர்கள் அச்சடங்கைக் குலைத்தனர். மூன்றே நாட்களில், பிப்ரவரி 17 அன்று, ஃபோர்ட் லாடர்டேல் நகரின் நீதிமன்ற வாயிலில் நடந்த கூட்டத்தில், அப்போது எம்மா கான்சாலஸ் என்று அறியப்பட்ட எக்ஸ் கான்சாலஸ் என்னும் மாணவர் ஆட்சியாளர்களின் சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கூறி மறுத்தார். டேவிட் ஹாக், கேமரன் காஸ்கி, ஜாக்லின் கோரின் முதலியோர் இணைந்து இயக்கம் கண்டனர். மார்ச் 14 அன்று நாடெங்கும் மாணவர்கள் 17 நிமிடம் வகுப்பறைகளை விட்டு வெளியேறி நின்றனர். மாண்டோர் ஒருவருக்கு ஒரு நிமிடம் என்பது கணக்கு. மார்ச் 24 அன்று வாஷிங்டனில் இலட்சக்கணக்கானோர் திரண்டனர். அந்த மேடையில் கான்சாலஸ் சில சொற்கள் பேசிவிட்டு மௌனமாக நின்றார். மேடையேறியது முதல் 6 நிமிடம் 20 நொடி ஆனதும் இறங்கினார். கொலையாளி எடுத்துக்கொண்ட நேரம் அது. பேச்சுக்கலையைக் கற்பிக்கும் நம்மைப் போன்றோர்க்கு, சொல்லைவிட மௌனம் வழக்குரைத்த தருணமாக அது விளங்குகிறது.

வயது ஒரு குற்றமா?

அவர்களை மறுத்தோர் முதலில் எடுத்துக்கொண்ட கருவி வயது. ‘பள்ளிப் பிள்ளைகளுக்குச் சட்டம் பற்றி என்ன தெரியும்?’ என்றனர். அதனினும் இழிந்தோர், அவர்கள் மாணவரே அல்லர், கூலிக்கு நடிக்கும் நடிகர்கள் என்றனர். அவ்வாறு கூறிய சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளர் ஒருவர் பணிநீக்கம் செய்யப்பட்டார் என்பதிலிருந்து அப்பழி எத்துணை உயரம் வரை சென்றது என்பதை உணரலாம்.

நம் இலக்கிய மரபில் கரிகாலனைப் பற்றி ஒரு கதை வழங்கி வருகிறது. வழக்குரைக்க வந்த முதியோர் இருவர், மன்னன் மிக இளையன் என்று கண்டு ஐயுற்றனராம். கரிகாலன் உள்ளே சென்று நரைமுடி அணிந்து முதியவனாக வந்து முறை செய்தானாம். உலகம் எக்காலத்தும் அறிவை நரையில் தேடுகிறது என்பதை இக்கதை நயமாகக் காட்டுகிறது. பார்க்லாந்து மாணவர்கள் நரைமுடி அணிய மறுத்தனர். தம் வயதில், தம் சொல்லில், தம் சினத்தோடு பேசினர். அவர்கள்மீது பலர் கொண்ட வெறுப்பிற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

அப்பள்ளி தாங்கி நிற்கும் பெயரையும் ஈண்டு எண்ணிப் பார்த்தல் தகும். மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் என்பார் புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் என்னும் பெருஞ்சதுப்பு நிலத்தைக் காக்கப் போராடிய இதழாளர், எழுத்தாளர். அதற்கென அவர் ஓர் அமைப்பைத் தொடங்கியபோது அவருக்கு வயது 79. 108 வயது வரை வாழ்ந்து 1998இல் மறைந்தார். 79 வயது மூதாட்டியைப் பார்த்து ‘உமக்கேன் இந்த வேலை?’ என்று கேட்பதும், 17 வயது மாணவரைப் பார்த்து ‘உனக்கேன் இந்த வேலை?’ என்று கேட்பதும் ஒரே மனத்திலிருந்து பிறக்கும் இரு கேள்விகளே.

மேலும், அம்மாணவர்கள் ஆயத்தமின்றி வந்தவர்களும் அல்லர். பார்க்லாந்து அமைந்துள்ள பிரவார்டு வட்டாரப் பள்ளிகள் சொற்போர்ப் பயிற்சிக்குப் பெயர்பெற்றவை. துப்பாக்கிக் கட்டுப்பாடு என்னும் தலைப்பில் சொற்போருக்காக அவர்களுள் சிலர் அக்கல்வியாண்டிலேயே சான்றுகள் திரட்டியிருந்தனர். டேவிட் ஹாக் பள்ளியின் இதழியல் மாணவர். உயிருக்கு அஞ்சி ஒளிந்திருந்த அறையிலேயே உடன் இருந்தோரைப் பேட்டி கண்டு பதிவு செய்தவர். மற்றும் சிலர் நாடகக் குழுவினர். மேடை அச்சம் நீங்கிய நா, சான்று தேடிய கண், கேட்போர் மனம் அறிந்த சொல் ஆகியவற்றை ஒரு பொதுப்பள்ளி அவர்களுக்கு அளித்திருந்தது. பேச்சுப் போட்டியும் பட்டிமன்றமும் பரிசுக் கோப்பைக்கு மட்டுமே என்று கருதுவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

கண்ணீரும் சான்றும்

இனி, மறுதரப்பின் வலுவான வாதத்திற்கு வருவோம். ‘அவர்களின் துயரம் பெரிது, ஐயமில்லை. ஆனால் துயரம் அறிவாகிவிடுமா? உணர்ச்சி வேகத்தில் இயற்றும் சட்டம் நல்ல சட்டமாகுமா?’ என்பது அது. இவ்வினாவை எள்ளி நகையாடுதல் நேர்மையன்று. தீக்காயம் பட்டவர் தீயணைப்புப் பொறியாளர் ஆகிவிடுவதில்லை என்பது உண்மையே.

கண்ணகி பாண்டியன் அவைக்கு வந்த காட்சியை நினைவுகூர்வோம். அவளது கோலமும் கண்ணீரும் அவையை நடுங்கச் செய்தன. ஆயினும் வழக்கை வென்றது கண்ணீரன்று. கோப்பெருந்தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என மன்னனே கூற, உடைத்த சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கமே வென்றது. அவையின் கதவைத் திறந்தது துயரம். தீர்ப்பைத் தந்தது சான்று. உயிர் தப்பிய மாணவர்களின் குரலையும் இவ்வாறே மதிப்பிடல் வேண்டும் என்பது நம் கருத்து. துயரம் அவர்களுக்குக் கேள்வி கேட்கும் முதலுரிமையைத் தருகிறது. அவர்கள் கூறும் தீர்வு சரியா என்பதைச் சான்று கொண்டே ஆராய வேண்டும்.

இதற்கு வலுவான காரணம் ஒன்றுண்டு. உயிர் தப்பியோர் அனைவரும் ஒரே கருத்தினர் அல்லர். அதே பள்ளியில் அதே நாளில் உயிர் தப்பிய கைல் கஷூவ் என்னும் மாணவர் ஆயுத உரிமையின் பக்கம் நின்றார். துப்பாக்கித் தடைக்கு மாறாகப் பள்ளிகளின் பாதுகாப்பை வலுப்படுத்தும் சட்டத்திற்கு ஆதரவு திரட்டினார். துயரமே அறிவு என்றால் இருவர் கூற்றும் ஒருங்கே மெய்யாதல் வேண்டும். அஃது இயலாது. ஆகவே ஒருவரை வீரர் என்று போற்றி மற்றவரைத் துரோகி என்று தூற்றுவதும் விவாதம் ஆகாது. இருவரும் கேட்கத்தக்கவர், இருவரும் மறுக்கத்தக்கவர்.

மறுதரப்பு சுட்டிய பிழைகளும் பொய்யானவை அல்ல. கொலையாளியைப் பற்றி 2018 ஜனவரியிலேயே எச்சரிக்கை பெற்றும் மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. உரிய நடவடிக்கை எடுக்கவில்லை. பள்ளிக் காவலுக்கு நின்ற ஆயுதமேந்திய அலுவலர் சூடு நடந்த கட்டடத்திற்குள் செல்லவில்லை. இருக்கும் சட்டத்தை நிறைவேற்றாதோர் புதிய சட்டம் கேட்பதால் பயனென்ன என்பது நியாயமான வினாவே. ஆனால் அதே நிகழ்ச்சி, ‘ஆயுதம் தாங்கிய காவலர் இருந்தால் போதும்’ என்னும் வாதத்தையும் அசைத்துவிடுகிறது என்பதை அவர்கள் மறந்தனர்.

இன்னொரு வினாவும் உண்டு. அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டில் துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டோர். பள்ளிப் படுகொலைகளில் மாண்டோர் அத்தொகையில் மிகச் சிறு பங்கே. அவ்வாறிருக்க, ஒளிப்படக் கருவிகள் ஏன் பார்க்லாந்து போன்ற வசதிமிக்க புறநகரில் மட்டும் குவிந்தன? இவ்வினாவை முதலில் எழுப்பியோருள் இளையோரே இருந்தனர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது. சிகாகோ போன்ற நகரங்களின் ஏழைத் தெருக்களில் நாள்தோறும் துப்பாக்கி ஒலி கேட்டு வளரும் மாணவர்களைப் பார்க்லாந்து மாணவர்கள் அழைத்துப் பேசினர். வாஷிங்டன் மேடையில் நவோமி வாட்லர் என்னும் 11 வயதுச் சிறுமி, செய்தித்தாளின் முதற்பக்கத்தில் இடம்பெறாத கறுப்பினப் பெண்களின் சாவுகளை எடுத்துரைத்தாள். பார்க்லாந்துப் பள்ளியின் கறுப்பின மாணவர்களோ, தம் குரல் தம் பள்ளி இயக்கத்திலேயே கேட்கப்படவில்லை என்று செய்தியாளர்களைக் கூட்டிக் கூறினர். பெரியோரின் கட்சிகளிலும் அரிதாகவே காணும் தன்னாய்வு இஃது.

அரசியல் சட்டம் என்னும் அரண்

அந்நாட்டு அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தம் 1791இல் ஏற்கப்பட்டது. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அது கூறுகிறது. அவ்வுரிமை தனிமனிதனுக்கும் உரியது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மக்களிடம் உள்ள துப்பாக்கிகள் 39 கோடிக்கு மேல் என்பது 2018இல் வெளியான மதிப்பீடு. அது மக்கள்தொகையினும் மிகுதி. எனவே, 1996இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டபின் கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்த பிரிட்டனைப் போலவோ, 2019இல் கிறைஸ்ட்சர்ச் நகரின் இரு பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டபின் ஒரு மாதம் முடியுமுன் அரைத் தானியங்கித் தன்மை கொண்ட துப்பாக்கிகளுள் பெரும்பாலானவற்றைத் தடைசெய்த நியூசிலாந்தைப் போலவோ அமெரிக்கா விரைந்து செயற்படும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

ஆனால் 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பே அவ்வுரிமை வரம்பற்றதன்று என்றும் கூறியது. வரம்பை எங்கே வகுப்பது என்பது மக்கள் பேசித் தீர்க்க வேண்டிய செய்தி. அப்பேச்சில் நேற்று வரை வாக்குரிமை இல்லாத, ஆனால் குண்டுகளுக்கு முதலில் இரையாகும் இளையோர்க்கு இடமில்லை என்பது எவ்வகை நீதி? 2020ஆம் ஆண்டு முதல் அந்நாட்டுக் குழந்தைகளும் பதின்ம வயதினரும் இறப்பதற்கு முதற்காரணமாகத் துப்பாக்கியே அமைந்தது. அதுவரை சாலை விபத்தே முதலிடத்தில் இருந்தது. தம் சாவு பற்றிய விவாதத்தில் வாய்திறக்க அவர்களுக்கு வேறெந்தத் தகுதிச் சான்றிதழ் வேண்டும்?

பயன் விளைந்ததா?

2018 பிப்ரவரி 20 அன்று புளோரிடாப் பிரதிநிதிகள் அவையில், போர்வகைத் துப்பாக்கிகளைத் தடைசெய்யும் முன்வரைவை எடுத்துக்கொள்ளும் தீர்மானம் 36க்கு 71 என்ற வாக்கில் தோற்றது. பார்க்லாந்து மாணவியர் சிலர் மாடத்திலிருந்து அதைக் கண்டு கலங்கினர். ஆயினும் சோர்ந்து திரும்பவில்லை. மறுநாள் தொலைக்காட்சி அவைக் கூட்டத்தில், துப்பாக்கிச் சங்கத்தின் நன்கொடையை இனி மறுப்பீரா என்று அப்போதைய செனட் உறுப்பினர் மார்கோ ரூபியோவைக் கேமரன் காஸ்கி நேருக்கு நேர் வினவினார். ரூபியோ அவ்வாறு உறுதியளிக்கவில்லை. எனினும் துப்பாக்கி வாங்கும் வயதை உயர்த்த உடன்படுவதாகக் கூறினார். எதிர்ப்பு மிக்க அவைக்கு வந்து நின்று விடையளித்தமைக்காக அவரையும் பாராட்டுதல் முறை. விவாதம் என்பது இதுவே.

மார்ச் 9 அன்று, துயரம் நிகழ்ந்த 23ஆம் நாள், ஆளுநர் ரிக் ஸ்காட் புதிய சட்டத்தில் கையொப்பமிட்டார். துப்பாக்கி வாங்கும் வயது 21 ஆயிற்று. மூன்று நாள் காத்திருப்பு விதிக்கப்பட்டது. தமக்கோ பிறர்க்கோ தீங்கிழைக்கக் கூடியவரிடமிருந்து நீதிமன்ற ஆணை வழியே துப்பாக்கியைச் சில காலம் நீக்கிவைக்க வழி பிறந்தது. பள்ளிப் பணியாளர்க்கு ஆயுதம் அளிக்கும் திட்டமும் அதில் இடம்பெற்றது. மாணவர் பலர் அதை விரும்பவில்லை. அன்றே துப்பாக்கிச் சங்கம் வழக்குத் தொடுத்தது. வயது வரம்பு செல்லும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. வயதை மீண்டும் 18 ஆக்கும் முன்வரைவைப் பிரதிநிதிகள் அவை ஒருமுறைக்கு மேல் நிறைவேற்றியும் 2025 வரை மாநிலச் செனட் அதை ஏற்கவில்லை.

பார்க்லாந்துக்கு முன் அத்தகைய நீக்கல் ஆணைச் சட்டம் ஐந்து மாநிலங்களில் மட்டுமே இருந்தது. இன்று இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்களில் உள்ளது. பள்ளிப் படுகொலையினும் தற்கொலையால் மாய்வோர் மிகுதி என்று முன்னர்க் கண்டோம். தன்னை மாய்த்துக்கொள்ளத் துணிந்தவர் கைக்குத் துப்பாக்கி எட்டாமல் தடுப்பதற்கும் இச்சட்டம் பயன்படும். 18 முதல் 29 வயது வரையுள்ளோரின் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு 2014இல் நூற்றுக்கு 20 ஆக இருந்து 2018இல் 36 ஆக உயர்ந்தது. அதற்கு இவ்வியக்கம் ஒன்றே காரணம் என்று கூறுதல் மிகை. ஒரு காரணம் என்று கூறுதல் தகும். இவ்வியக்கத்தில் பணியாற்றிய மாக்ஸ்வெல் ஃப்ராஸ்ட் தம் 25ஆம் வயதில் 2022 தேர்தலில் வென்று நாட்டின் பிரதிநிதிகள் அவைக்குச் சென்றார்.

தோல்விகளும் பல. 2022 மே 24 அன்று டெக்சஸ் மாநிலத்தின் யுவால்டியில் 19 குழந்தைகளும் ஆசிரியைகள் இருவரும் கொல்லப்பட்டனர். அங்கு உயிர் தப்பிய 11 வயதுச் சிறுமி ஒருத்தி, தான் தப்பிய விதத்தை நாடாளுமன்றக் குழுவுக்கு ஒளிப்பதிவில் சாட்சியமாக அளித்தாள். அடுத்த மாதமே, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் முதன்முறையாகக் குறிப்பிடத்தக்க மத்தியத் துப்பாக்கிச் சட்டம் ஒன்று நிறைவேறியது. எனினும் போர்வகைத் துப்பாக்கித் தடை செனட்டைக் கடக்கவில்லை. 2025 ஏப்ரலில் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கி வெடித்தபோது, அங்குப் பயின்றோருள் பார்க்லாந்தில் ஒருமுறை உயிர் தப்பியோரும் இருந்தனர்.

சுமை யாருடையது?

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. இளையோரைப் போற்றுவதும் சில நேரங்களில் தப்பித்தலே. ‘இப்பிள்ளைகள் நம்மைக் காப்பாற்றுவர்’ என்று கைதட்டும் பெரியோர், தம் கடமையைப் பிள்ளைகளின் தோளில் ஏற்றிவிட்டு அமைதி கொள்கின்றனர். அத்தோள்கள் ஏற்கெனவே பாடையைச் சுமந்தவை. ஓராண்டு கடந்து, 2019 மார்ச்சில், அன்று உயிர் தப்பியோருள் இருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர் என்னும் செய்தி நம்மை உலுக்க வேண்டும். ஒளிப்படக் கருவிகள் சென்றபின் அவர்களுடன் யார் இருந்தனர்? சாட்சியம் கேட்போர் சாட்சியின் உறக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் கடன். பேச விரும்பாத பிள்ளைக்கு மௌனமாக இருக்கவும் உரிமை உண்டு. ஆறவும் உரிமை உண்டு.

சாண்டி ஹூக்கில் 2012இல் உயிர் தப்பிய முதல் வகுப்புக் குழந்தைகள் 2024 ஜூனில் பள்ளிப் படிப்பை நிறைவு செய்தனர். அவர்களுள் சிலரும் இன்று துப்பாக்கிச் சட்டம் பற்றிப் பேசுகின்றனர். அவர்களுக்காகப் பெரியோர் செய்திருக்க வேண்டியதைச் செய்யாமல் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்ததால்தான், அவர்களே வளர்ந்து வந்து வழக்குரைக்க நேர்ந்தது. இதனை இளையோரின் வெற்றி என்பதா? பெரியோரின் கடன் என்பதே பொருந்தும்.

மாணவச் செல்வங்களே! உயிர் தப்பியோர் கூறுவன அனைத்தையும் ஏற்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. அவர்களின் தீர்வுகளுள் சில தவறாகவும் இருக்கலாம். ஆனால் அவர்கள் கேட்டது வினா. வினாவுக்கு உரியது விடை. அழுகைக்குக் கைக்குட்டையும், சினத்திற்கு அறிவுரையும், துணிவுக்கு மாலையும் தந்து அனுப்பிவிடலாம். அவற்றுள் எதுவும் விடையாகாது. கண்ணகியின் வழக்கைக் கேட்ட பாண்டியன் பெரும்பிழை செய்தவன். ஆயினும் அவன் வாயிற்காவலன் அவளைத் தடுத்து நிறுத்தவில்லை. அவனும் ‘நீ யார், உனக்கு வயதென்ன?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பவில்லை. சிலம்பைக் கொணரச் செய்து முன்வைத்தான். குடியாட்சியில் அமர்ந்திருப்போர் அந்த முடிமன்னனினும் குறைந்து நிற்றல் தகுமா என்பதே, பார்க்லாந்து மாணவர்கள் தம் நாட்டின் முன் வைத்துள்ள வினா.